எந்தப் பனி

நல்லம்பள்ளியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் நிர்மலாதேவிக்கு வயது நாற்பத்தாறு. பிறந்தது கடத்தூர். பத்தொன்பது ஆண்டுகள் பிறர் எழுதிக் கொடுத்ததைத் தட்டச்சு செய்தவர், கடைசி மூன்று ஆண்டுகளாகத் தன் கதையைத் தட்டச்சு செய்தார். கதை நடப்பது ஒரு குளிர்ப் பாலைவனத்தில். அவர் கண்ட பெரிய குளிர் வத்தல்மலையில் ஒரு மார்கழி விடியல். அதற்கு ஸ்வெட்டரே போதுமாயிருந்தது. ஆகவே படித்துப் படித்து நோட்டில் குறித்துக்கொண்டார். உயரம் பதினோராயிரம் அடி. மழையும் பனியும் சேர்ந்து ஆண்டுக்கு ஒன்பது சென்டிமீட்டர். தெற்கே மலைத்தொடர், மேகமெல்லாம் அந்தப் பக்கமே கொட்டித் தீர்த்துவிடும். கோடைப் பகலில் இருபத்தெட்டு டிகிரி, அன்றிரவே இரண்டு.

ஆடி இரண்டாம் தேதி, வியாழக்கிழமை, காலை பத்தேகாலுக்குச் சேலத்திலிருந்து ஜெயபிரியா பேசினார். பதிப்பகத்தில் பிழை பார்ப்பவர்.

“அக்கா, பதினோராம் பக்கத்துல காத்துல ஈரமே கெடையாதுன்னு எழுதியிருக்கீங்க. நாப்பத்திரெண்டுல ஒன்பதுகல் ஊரே கொள்ளு வெதைச்சுப் பொழைக்குது. தண்ணி எங்கிருந்து வந்துச்சுங்க்கா?”

“கொள்ளுக்கு எதுக்குத் தண்ணி? பனியிலயே வெளைஞ்சிரும்.”

“எந்தப் பனி?”

நிர்மலாதேவி போனை மறு காதுக்கு மாற்றினார். இங்கே ஐப்பசியில் விதைத்த கொள்ளை மார்கழிப் பனி காப்பாற்றிவிடும். அந்தப் பனி காற்றிலிருந்து இறங்கும் ஈரம். ஒன்பதுகல்லில் விழுவதோ உறைபனி. பயிரைத் தொட்டால் கருக்கிவிடும். ஒரே சொல்லை நம்பி நானூறு குடும்பங்களைக் குடிவைத்திருந்தார்.

“அஞ்சு மணிக்கு அச்சுக்குப் போகுதுங்க்கா. பேசாம அந்த ஊரையே எடுத்துரலாமா?”

“எடுத்துட்டா கதாநாயகி எங்க பொறப்பா?”

அதன்பின் அவரால் உட்கார முடியவில்லை. ஆதார் நகல் கேட்டு வந்தவருக்குப் பின்பக்கத்தையே இரண்டு முறை எடுத்துக் கொடுத்தார். பன்னிரண்டரைக்குக் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போனார். சோறு போட்டார், தொடவில்லை. காகிதத்தில் கிணறு வெட்டினார். எட்டு மாதம் நிலம் உறைந்து கிடக்கும் என்று நோட்டு சொன்னது. ஏரி வைத்தார், வெளியேற வழியில்லாத ஏரி உப்பாகிவிடும். நான்கு முறை மாடிக்கு ஏறி இறங்கினார். மேலே காய்ந்த துண்டு கொடியோடு படபடத்தது.

இரண்டு நாற்பதுக்குக் கணவர் தர்மன் வந்தார். ஒகேனக்கல் பஸ்ஸில் கண்டக்டர்.

“இன்னிக்கு டிரிப்பு பாதி காலி. ஆத்துல தண்ணி ஏறிருச்சு, பரிசலை நிறுத்திட்டாங்க.”

“மழையே இல்லீங்களே.”

“இங்க எங்க மழை? மண்ணுதான் பறக்குது. கர்நாடகாவுல பேஞ்சா நமக்கு வெள்ளம். புதுசா வூட்டுக்கு வந்தவ மாதிரி கேக்கற?”

நிர்மலாதேவி பென்சிலை எடுத்தார். ஒன்பதுகல்லை வரைபடத்தில் அழித்து, முப்பத்தெட்டு கிலோமீட்டர் தெற்கே, மலையடிவாரத்தில் வைத்தார். உச்சியில் குளிர்காலமெல்லாம் பனி சேரட்டும். கோடை வெயிலில் அது உருகும். விடியலில் கணுக்கால் ஆழம் ஓடும் ஓடை, சாயங்காலம் இடுப்பளவு ஏறும். ஊரில் ஒரு சொட்டு பெய்ய வேண்டியதில்லை. கொள்ளு இருந்த பதினேழு இடங்களிலும் வாற்கோதுமை என்று மாற்றினார். நான்கு ஐம்பத்தொன்றுக்கு அனுப்பினார்.

தர்மன் காபியோடு வந்து வரைபடத்தை எட்டிப் பார்த்தார்.

“தண்ணி மேலருந்தா வருது?”

“ஆமாங்க.”

“மேல எவனாவது மறிச்சுட்டா?”

“சும்மா இருக்க மாட்டீங்களா?”

“நான் சும்மாதான் இருக்கேன். உன் ஊர்க்காரங்க சும்மா இருப்பாங்களா?”

நிர்மலாதேவி காபியை வாங்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார், ஆறு நிமிடம் இருந்தது. சேலத்துக்குப் போன் போட்டார்.

“ஜெயா, நாப்பத்திரெண்டாம் பக்கம் கடைசியில ஒரு வரி சேத்துக்க. ‘ஒன்பதுகல்லுக்கு மேலே இன்னொரு ஊர் இருந்தது.’”