காயாத ஏழு கல்

அந்த வீட்டு வாசலில் மொத்தம் ஆயிரத்து இருநூறு பேவர் பிளாக் கற்கள். கேட்டிலிருந்து படிக்கட்டு வரை, கார் வந்து நிற்கும் இடம் முழுக்க அவைதான். ஆயிரத்து நூற்றுத் தொண்ணூற்று மூன்று காய்ந்துவிட்டன. ஏழு மட்டும் காயவில்லை.

வியாழக்கிழமை காலை பத்து மணி. வெயில் பிடரியைச் சுட்டுக்கொண்டிருந்தது. படிக்கட்டின் அடியில், கால்மிதி அளவுக்கு அந்த ஏழு கற்களும் கறுத்துக் கிடந்தன. நோண்டி மண்டியிட்டு ஒரு கல்லைத் தொட்டார். தொட்ட விரலை நாக்கில் வைத்துப் பார்த்தார்.

“மச்சான், அது நாய் வேலையா இருக்கப்போகுது,” என்றார் மாப்பிள்ளை.

“இல்ல. வெறும் தண்ணி.”

“ருசி பாத்தே சொல்லிட்டீங்களே. இனிமே குழம்புக்கு உப்பு போதுமான்னு பாக்க உங்களையே கூப்பிடச் சொல்றேன்.”

மாப்பிள்ளை என்பது தங்கையின் கணவர். வேலையில் கூட்டாளியும் அவர்தான். நோண்டி என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை, பார்த்தவர்கள் வைத்தது. எதைக் கண்டாலும் ஏன், எப்படி என்று நோண்டாமல் விடமாட்டார். தங்கையின் கல்யாணப் படத்தில் இரண்டு பக்கத்துச் சொந்தமும் வரிசை கட்டி நிற்கிறது, பெண்ணின் அண்ணனை மட்டும் காணோம். படம் எடுத்த நேரத்தில் அவர் மண்டபத்தின் பின்புறம் ஜெனரேட்டர் முன்னால் குந்தியிருந்தார். அது ஏன் நாலு நிமிஷத்துக்கு ஒரு தடவை இருமுகிறது என்று பார்க்கப் போனவர், டீசல் குழாயில் ஒரு செத்த வண்டைக் கண்டுபிடித்துக்கொண்டு திரும்பினார். அதற்குள் பந்தியே முடிந்திருந்தது. மாப்பிள்ளை இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுவார்: “மாமனார் வீட்ல எனக்கு மொதல் மரியாதை செஞ்சது அந்த வண்டுதான்.”

எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்றது. பன்னிரண்டு வருஷம் ஒரு காண்ட்ராக்டரிடம் கல் பதித்தார். அடி மண்ணை இரண்டு தரம் இடிக்க வேண்டிய இடத்தில் ஏன் ஒரு தரத்தோடு விடுகிறோம் என்று கேட்டார். கேட்டது தப்பில்லை, வீட்டுக்காரர் காதில் விழும்படி கேட்டதுதான் தப்பு. மறுநாள் வேலை இல்லை. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் மனைவி, “அடுத்தவன் வேலைல கேள்வி கேட்டது போதும். சொந்தமா ஒரு வேலை எடுத்து அதுல கேளுங்க,” என்றார். அப்படி வாங்கியதுதான் தண்ணீர் பீய்ச்சும் மெஷின். அப்படிக் கிடைத்த முதல் வேலைதான் தலைமையாசிரியை வீட்டு வாசல். நாற்பத்து மூன்று வயதில் முதல் வேலை.

திங்கட்கிழமை கழுவினார்கள். கழுவும்போது ஒரு வாசல் அந்த வீட்டைப் பற்றி நிறையச் சொல்லும் என்பது நோண்டியின் கட்சி. எண்ணெய்க் கறை இரண்டு இடத்தில் இருந்தால் கார் மாற்றியிருக்கிறார்கள். கேட்டுப் பக்கம் ஒரே கல் தேய்ந்திருந்தால் யாரோ தினமும் அங்கே நின்று பேசுகிறார்கள். கறைக்கு மரத்தூளும் சோப்புத்தூளும் போட்டு ஊறவைத்து, பீய்ச்சும் முனையைச் சாய்த்துப் பிடித்து, இடுக்கில் இருந்த பழைய மணலையும் களையையும் கிளப்பினார்கள். படிக்கட்டின் அடியில் மட்டும் பாசி விரல் கனம். அந்த இடத்தில் தரையும் ஒரு விரல் இறங்கியிருந்தது. கற்களைப் பெயர்த்து, அடி மணலை மாற்றி, மட்டம் பார்த்துத் திரும்பப் பதித்தார்கள். “ஏன் இங்க மட்டும்?” என்று நோண்டி அப்போதே கேட்டார். “மொதல்ல கல்லை வைங்க மச்சான்,” என்றார் மாப்பிள்ளை.

செவ்வாய் முழுக்க வாசலைக் காயவிட்டார்கள். புதன்கிழமை சலித்துக் காயவைத்த நைஸ் மணலைக் கொட்டி, இடுக்குகள் நிறையும்வரை குறுக்கும் நெடுக்கும் கூட்டினார்கள். அதிர்வு மெஷினுக்கு ரப்பர் மெத்தை கட்டி ஒரு ஓட்டு ஓட்டி, உள்ளே இறங்கிய இடத்துக்கு மறுபடி மணல். இனி பாக்கி சீலர் பூசுவதுதான். பூசினால் மணல் இடுக்கை விட்டு நகராது, கறையும் ஏறாது. ஆனால் அதற்குக் கல் எலும்பு வரை காய்ந்திருக்க வேண்டும். ஈரத்தின் மேல் பூசினால் உள்ளே சிக்கிய ஈரம் வெளியே வர வழியில்லாமல், பால் சிந்திய மாதிரி வெள்ளை பூத்துவிடும். அப்புறம் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். பூசாமலும் விட முடியாது. ஞாயிற்றுக்கிழமை மழை என்று சொல்லியிருந்தார்கள். பெய்தால் புது மணல் தெருவுக்குப் போய்விடும்.

இந்த நிலைமையில்தான் வியாழக்கிழமை காலை அந்த ஏழு கல்.

தலைமையாசிரியை அன்று ஏதோ கூட்டத்துக்காகத் தாமதமாகக் கிளம்பினார். வாசலில் நின்று பார்த்தார்.

“இதுக்கு அடியிலதான் தண்ணிக் குழாய் போகுது. உங்க மெஷின் அடிச்ச அடில அது விரிசல் விட்டிருக்கு.”

“அந்த மெஷின் கல்லுக்கு மேலதான் டீச்சர் அடிக்கும். அவ்வளவு ஆழம் போகாது.”

“அப்ப தண்ணி எங்கேருந்து வருது?”

“யாராவது இங்க தண்ணி ஊத்துறீங்களா?”

“இந்த வீட்ல ரெண்டே பேரு. நான் ஊத்துறதில்ல.” உள்ளே திரும்பிக் கேட்டார். “நீங்க ஊத்துறீங்களா?”

ஜன்னலோரம் மேஜையில் உட்கார்ந்து பாடப்புத்தகங்களுக்குப் படம் வரையும் கணவர், பென்சிலை எடுக்காமலே, “இல்ல,” என்றார்.

“கேட்டாச்சா? சனிக்கிழமை காலைல பிளம்பரை வரச் சொல்றேன். உடைச்சுப் பாக்கட்டும். குழாய் உடைஞ்சிருந்தா அது உங்க பொறுப்பு.”

அவர் போனதும் மாப்பிள்ளை தலையில் கை வைத்தார். “மச்சான், பேசாம நாளைக்கே பூசிட்டுப் போயிடலாம். வெள்ளை பூத்தா அப்புறம் பாத்துக்கலாம்.”

“பூத்தா இந்தத் தெருவுல நம்மள எவன் கூப்பிடுவான்?”

“உடைச்சாலும் கூப்பிட மாட்டான்.”

அதுவும் நியாயம்தான். மொத்தத் தெருவும் மாடியிலிருந்து இந்த வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது. தலைமையாசிரியை வீட்டில் குழாயை உடைத்தவன் என்று பெயர் விழுந்தால், மெஷினைக் கழுவித் துடைத்து வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஆனால் நோண்டியின் மனசு அங்கே இல்லை. உச்சி வெயிலில் அவர் அந்த ஈரத்தைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டார். மூன்று மணிக்கு ஈரம் கோட்டுக்கு உள்ளே நாலு விரல் சுருங்கியிருந்தது. ஐந்து மணிக்கு உள்ளங்கை அளவு.

“குழாய் ஒழுகினா சுருங்குமா மாப்ள?”

“எனக்கு இப்ப டீ மட்டும்தான் தெரியும் மச்சான்.”

கிளம்புமுன் நோண்டி ஒரு கண்ணாடிக் காகிதத்தை அந்த ஏழு கல்லின் மேல் விரித்து, நாலு ஓரமும் டேப் போட்டு ஒட்டினார். தண்ணீர் கீழிருந்து வந்தால் காகிதத்தின் அடியில் வியர்க்கும். மேலிருந்து வந்தால் மேலே நிற்கும். அன்று ராத்திரி அவர் சாப்பிட்டதென்னவோ சோறுதான், நினைப்பெல்லாம் காகிதம். மனைவி, “தட்டுல கோலம் போடாதீங்க, சாப்பிடுங்க,” என்றார்.

வெள்ளிக்கிழமை காலை. காகிதத்தின் மேல் ஒரு குட்டை நின்றது. அதில் வானம் தெரிந்தது. மெல்ல உரித்துப் பார்த்தால் அடியில் கற்கள் மணல் நிறத்தில் காய்ந்து கிடந்தன.

“குழாய் இல்ல,” என்றார் நோண்டி. குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

“அப்ப யாரு?” மாப்பிள்ளைக்கும் இப்போது தொற்றிக்கொண்டது. நிமிர்ந்து பார்த்தார். மேலே பால்கனி இல்லை, மரம் இல்லை, ஏசி இல்லை. திறந்த வானம்தான். தலைமையாசிரியை ஏழு மணிக்கே போய்விட்டார். கணவரிடம் மறுபடி கேட்டார்கள். “நான் ஊத்தல,” என்றார் அவர், ஒரு தவளைக்குப் பச்சை அடித்துக்கொண்டே. அந்தப் பதிலில் ஏதோ ஒன்று நோண்டிக்கு உறுத்தியது. என்னவென்று பிடிபடவில்லை.

சாயங்காலம் நோண்டி கிளம்பவில்லை. காகிதம் இருந்த இடத்தில் ஒரு காலி வாளியை வைத்தார். மாப்பிள்ளையையும் இழுத்துக்கொண்டு, எதிர்ச் சுவர் ஓரமாக மணல் மூட்டைமேல் உட்கார்ந்தார்.

ஆறு பத்துக்குக் கார் வந்து தெருவில் நின்றது. தலைமையாசிரியை இறங்கினார். போன் தோளுக்கும் காதுக்கும் நடுவே. “அந்த ரெண்டாவது பீரியடை மாத்திக் குடுங்கன்னு நான் அன்னைக்கே சொன்னேன்...” என்று பேசிக்கொண்டே கேட்டைத் தாண்டி, வாசலைத் தாண்டி, படிக்கட்டின் அடியில் நின்றார். பைக்குள் கை போனது. தண்ணீர் பாட்டில் வெளியே வந்தது. மூடி திறந்தது. அன்றைக்கு மிச்சமிருந்த தண்ணீர் முழுக்க வாளியில் கொட்டியது. கடைசிச் சொட்டுக்காகப் பாட்டிலை இரண்டு உதறு உதறிவிட்டு, பேச்சை ஓரிடத்திலும் நிறுத்தாமல், படியேறி உள்ளே போனார். வாளி எப்படி அங்கே வந்தது என்றுகூடப் பார்க்கவில்லை.

மாப்பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டார். நோண்டி மூச்சை விட்டார். கண்டுபிடித்த இனிப்பு தொண்டையில் இருக்கும்போதே அடுத்த கவலை வந்து உட்கார்ந்தது. நாலு பேருக்கு நடுவில் உண்மையைச் சொல்லித்தான் போன வேலை போனது. இதை ஒரு தலைமையாசிரியையிடம் எப்படிச் சொல்வது?

சனிக்கிழமை காலை பிளம்பர் சுத்தியலும் உளியுமாக வந்துவிட்டார். தலைமையாசிரியை ஸ்பெஷல் கிளாஸுக்குக் கிளம்பி நின்றார். ஏழு கற்களும் மற்ற கற்களோடு கலந்து, எது எதுவென்று தெரியாமல் காய்ந்திருந்தன.

“எப்படிக் காய்ஞ்சது?” என்றார் அவர். “முந்தாநாள் ஈரமா இருந்துச்சே?”

பிளம்பர் பார்த்தார். மாப்பிள்ளை வானத்தைப் பார்த்தார். கணவர் ஜன்னலில் பென்சிலோடு நின்றார்.

“குழாய்ல கோளாறு இல்ல டீச்சர். அது மட்டும் நிச்சயம்,” என்றார் நோண்டி. “மிச்சத்தைச் சாயங்காலம் சொல்றேன். நீங்க வரும்போது இந்த வாளி கீழ்ப்படியில இருக்கும். அதுகிட்ட வந்ததும் ஒரு நிமிஷம் போனை வெச்சுட்டு, உங்க கை என்ன பண்ணுதுன்னு பாருங்க. அவ்வளவுதான்.”

தலைமையாசிரியை அவரை வகுப்பில் பதில் தெரியாதவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். ஆனால் பிளம்பரைத் திருப்பி அனுப்பினார்.

பத்து மணிக்குமேல், பனி ஈரமும் போனபிறகு, ரோலரில் சீலர் பூசினார்கள். கேட்டுக்கு உள்ளிருந்து படிக்கட்டுவரை சுவரோர மண்ணில் செங்கல் வைத்துப் பலகை போட்டார்கள், நடந்து போக. மத்தியானம் இரண்டாவது பூச்சு. எங்கும் வெள்ளை பூக்கவில்லை. கற்கள் மழையில் நனைந்த நிறத்தில், ஆனால் நனையாமல், மின்னிக்கொண்டிருந்தன.

ஆறு மணிக்குத் தலைமையாசிரியை பலகைமேல் அடி அடியாக வந்தார். படிக்கட்டின் அடியில் நின்றார். வலது கை பைக்குள் போய், பாட்டிலை எடுத்து, மூடியைத் திருகி, பாதி சாய்ந்தது. அங்கேயே நின்றுவிட்டது. அவர் தன் கையை, அது வேறு யாருடையதோ என்பதுபோல், பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு மிச்சத் தண்ணீரை வாளியில் ஊற்றினார், மெதுவாக.

“இது எத்தனை நாளா நடக்குது?”

“பாசியைப் பாத்தா ஏழெட்டு வருஷம் இருக்கும் டீச்சர்,” என்றார் நோண்டி.

“பதினொன்னு,” என்றது ஜன்னல்.

எல்லாரும் திரும்பினார்கள். “உங்களுக்குத் தெரியுமா?” என்றார் தலைமையாசிரியை.

“தெரியும்.”

“அப்ப நான் கேட்டப்போ ஏன் சொல்லல?”

“நான் ஊத்துறேனான்னுதான் கேட்ட. நீ ஊத்துறதில்லன்னு நீயே சொல்லிட்ட. அதுக்குமேல நான் என்னத்தப் பேச?”

மாப்பிள்ளை வண்டியில் சாமான் ஏற்றும் சாக்கில் தெருவுக்கு ஓடிவிட்டார். சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்டது. தலைமையாசிரியை முதலில் முறைத்தார், அப்புறம் அவருக்கும் தாங்கவில்லை. படியிலேயே உட்கார்ந்து சிரித்தார்.

நோண்டி சிரிக்கவில்லை. அவருக்கு இன்னும் ஒன்று பாக்கி இருந்தது.

“டீச்சர், கேக்குறேன்னு தப்பா நெனைக்காதீங்க. கேட்டாண்ட ஊத்தலாம், காராண்ட ஊத்தலாம். ஏன் இந்த ஏழு கல்லு? இங்க கல்லு பதிக்கிறதுக்கு முன்னாடி என்ன இருந்துச்சு?”

தலைமையாசிரியை யோசித்தார். அந்த இடத்தைப் பார்த்தார். முகம் மெல்ல மாறியது.

“செம்பருத்தி,” என்றார். “ஒரே ஒரு செடி. ஸ்கூல்லேருந்து வந்ததும் மிச்சத் தண்ணியை அதுக்குத்தான் ஊத்துவேன். கல்லு பதிக்க வந்தவங்க எடுத்துட்டாங்க.” பாட்டிலின் மூடியைத் திருகினார். “அப்படி ஒண்ணு இருந்ததையே நான் மறந்துட்டேன்.”

“கை மறக்கல,” என்றார் கணவர்.

வெளியே மாப்பிள்ளை ஹாரன் அடித்தார். நோண்டி பலகை வழியாக வெளியே வந்து, ரோலரைத் துணியில் சுற்றி வைத்துவிட்டு வண்டியில் ஏறினார்.

“என்ன மச்சான் அவ்வளவு நேரம்? மறுபடியும் வண்டா?”

“இல்ல,” என்றார் நோண்டி. “இந்தத் தடவ செம்பருத்தி.”