ஹபீலா தேதிப்படி அடுக்கிய அட்டைகள்

கண்டிக்கு வெளியே ஓர் அரசாங்க வைத்தியசாலை. அதன் மனநலக் கிளினிக்கில் கோப்பு அறை ஹபீலாவின் பொறுப்பு. அக்குறணையில் பிறந்தவள். உயர்தரத்தில் உயிரியல் படித்தாள்; மருத்துவப் பீடத்துக்குப் புள்ளி போதவில்லை. எழுதுவினைஞர் பரீட்சை எழுதி இந்த அறைக்கு வந்து இருபத்திரண்டு வருடமாகிறது. நோயாளியின் பெயரைச் சொன்னால் போதும், கோப்பு எந்தத் தட்டில் இருக்கிறது என்று எழும்பாமலே சொல்லிவிடுவாள். அந்த வேலை அவளுக்குப் பிடித்திருந்தது.

போன வருடம் எல்லாக் கோப்புகளையும் கணினியில் ஏற்றச் சொல்லி உத்தரவு வந்தது. ஆளுக்கொரு நோய்ப் பெயர், அதற்கொரு குறியீடு. அதே மாதம், யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்திருந்த டொக்டர் ரிஷிகேசன் தாதிமாருக்கு வகுப்பெடுக்கத் தொடங்கினார். மனநோய்களுக்குப் பெயர்கள் எப்படி வந்தன என்பது முதல் வகுப்பு. தமிழ்க் குறிப்புகளைத் தட்டச்சு செய்து தரும்படி ஹபீலாவிடம் கேட்டார்.

குறிப்புகளில் கை ஓட ஓட, மனமும் அதற்குள் போய்விட்டது. இருநூறு வருடங்களுக்கு முன் பரிஸில் ஒரு வைத்தியர் எல்லா மனநோய்களையும் நாலே வகைக்குள் அடக்கினாராம். பார்த்த நாளில் ஆள் எப்படி இருந்தாரோ அதுதான் பெரும்பாலும் பெயர். கத்தினால் ஒன்று, பேசாமல் ஒடுங்கிக் கிடந்தால் இன்னொன்று. ஒரே ஆளுக்கே இரண்டு பெயரும் விழுந்ததுண்டு. பிறகு ஜெர்மனியில் கிரெப்பலின் என்பவர் நோயாளிக்கு ஓர் அட்டை போட்டு, நோய் எப்போது தொடங்கியது, எப்படிப் போனது, எங்கே போய் முடிந்தது என்று எழுதி, அட்டைகளை ஒப்பிட்டுப் பார்த்தார். சிலர் வரவர மோசமானார்கள். சிலரோ வந்து, போய், இடையில் முழுதாகத் தேறியிருந்தார்கள். இவை இரண்டும் வேறு வேறு நோய் என்று அவர் பிரித்தார்.

அடுத்த கிழமை ஹேவாஹெட்டத் தேயிலைத் தோட்டத்து இராஜகுமாரியின் கோப்பு கைக்கு வந்தது. முதல் பக்கத்தில் 1998ஆம் ஆண்டு எழுதிய பெயர், மனச்சிதைவு. கிரெப்பலின் பிரித்த முதல் வகை அது. பின்னால் வந்த ஒவ்வொருவரும் அதையே பார்த்து எழுதியிருந்தார்கள். ஹபீலாவும் குறியீட்டை அடிக்கப் போனவள்தான். ஏதோ தோன்ற, கையை எடுத்துவிட்டு, உள்ளேயிருந்த அட்டைகளைத் தேதிப்படி மேசையில் பரப்பினாள்.

இருபத்தைந்து வருடத்தில் ஐந்து முறை வைத்தியசாலையில் அனுமதி. ஒவ்வொரு முறையும் இரண்டு மாதம் தூக்கமில்லை, ஓயாத பேச்சு, பாட்டு. அதன் பிறகு வருடக்கணக்கில் ஒன்றுமில்லை. "கொழுந்து எடுக்கிறார்." "பிள்ளை மடுவத்தில் வேலை, நன்றாகப் பார்க்கிறார்." பிள்ளை மடுவம் என்பது தோட்டத்துக் குழந்தைகள் காப்பகம். ஏதோ ஒரு தாதி ஓரத்தில் குறித்துவைத்த வரிகள் அவை. யாரும் அவற்றை வரிசையாக வாசித்திருக்கவில்லை.

இரண்டு நாள் யோசித்தாள். கோப்பு எடுத்துக் கொடுக்கிறவள் வைத்தியருக்கு நோய் சொல்வதா என்று கூச்சம். மூன்றாம் நாள் அட்டைகளை அந்த வரிசையிலேயே எடுத்துக்கொண்டு போனாள்.

"தப்பா நெனைக்க வாணாம், டொக்டர். இவங்க நடுவுல எல்லாம் நல்லா ஈந்திருக்காங்க. நீங்க எழுதின அந்த ரெண்டாவது கூட்டம் மாதிரி."

ரிஷிகேசன் கதிரையை இழுத்துப் போட்டு, ஒவ்வோர் அட்டையாக வாசித்தார்.

"ஓம்," என்றார் கடைசியில். "இதை நாங்கள் எப்பவோ பாத்திருக்க வேணும். ஆனா ஆளை விசாரிக்காமல் பெயரை மாத்தேலாது. வரச் சொல்லுங்கோ."

இராஜகுமாரி அண்ணனோடு வந்தாள். ரிஷிகேசன் ஒரு மணித்தியாலம் விசாரித்தார். அவளுடைய தாய்மாமனுக்கும் அப்படித்தான் வந்து வந்து போகுமாம். அதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை. பழைய மருந்தால் அவள் கைகள் விறைத்து நடுங்கின. மடுவத்தில் பிள்ளைகளைத் தூக்கப் பயந்து வேலையை விட்டு மூன்று வருடமாகியிருந்தது. அந்த இரண்டாவது கூட்டத்தைச் சேர்ந்த இருமுனைக் கோளாறு என்று எழுதி, மருந்தை மெல்ல மெல்ல மாற்றினார். புதிய மருந்துக்கு வேண்டியிருந்த இரத்தப் பரிசோதனைக்கு அவள் ஒரு முறையும் தவறாமல் பஸ் ஏறி வந்தாள்.

பத்து மாதம் கழித்துக் கோப்பு அறை யன்னலில் வந்து நின்று, இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினாள். நடுக்கம் நன்றாகக் குறைந்திருந்தது.

"மடுவத்துல மறுபடி கூப்பிட்டிருக்காங்க மிஸ். வேல செய்யலாம்னு ஒரு கடுதாசி வேணுமாம். டொக்டர் ஐயா தாறேன்னிருக்காரு."

கடிதத்தை ஹபீலாவே தட்டச்சு செய்தாள். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று மூன்று தரம் பார்த்தாள்.

அதற்குப் பிறகு எல்லாக் கோப்பையும் தேதிப்படி வாசித்துவிட்டுத்தான் குறியீடு போடுகிறாள். பெரும்பாலானவற்றில் பழைய பெயரே சரியாக இருந்தது. சந்தேகப்பட்டு மூன்றை ரிஷிகேசனிடம் கொண்டுபோனாள். இரண்டைப் பழைய பெயரே சரி என்று திருப்பித் தந்துவிட்டார். கிரெப்பலினும் எல்லாவற்றையும் சரியாகச் சொல்லவில்லை, மோசமாகித்தான் போவார்கள் என்று அவர் எழுதியவர்களிலும் தேறியவர்கள் உண்டு, அதனால் தேறியதை மட்டும் வைத்துப் பெயரை மாற்ற முடியாது என்று விளக்கினார். அவளுக்கு அது மனத்தாங்கலாக இல்லை. மூன்றாவது கோப்பு இன்னும் அவர் மேசையில் இருக்கிறது.

கணவன் றவூபிடம் சாப்பாட்டு வேளையில் இதையெல்லாம் சொல்வாள். ஒருநாள் அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "நீ டொக்டராகி ஈந்தா இவ்வளவு வாசிக்க ஒனக்கு நேரம் எங்க?" என்றார். ஹபீலா சிரித்துக்கொண்டே அவருக்கு இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள்.