மாமனாரும் நானும் இரண்டு டெர்மினல்களும்

என் மாமனாரும் நானும் பேசிக்கொள்ள மாட்டோம். சண்டை ஒன்றும் இல்லை. கல்யாணமாகி வந்த புதிதில் அவர் என்னிடம் பேசக் கூச்சப்பட்டார், நான் அவர் எதிரில் உட்காரக் கூச்சப்பட்டேன். பிறகு அதுவே பழகிப்போய்விட்டது. ஆந்திராவில் நகரிக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் இது யாருக்கும் விநோதமாகப் படாது. நடுவில் அத்தை இருந்தார். "காபி வேணுமான்னு கேளுங்க அத்த" என்று நான் சமையலறையிலிருந்து சொல்வேன். "அர டம்ளர் போதும்னு சொல்லு" என்று மாமா கூடத்திலிருந்து சொல்வார். இருவர் பேச்சும் இருவர் காதிலும் நன்றாகவே விழும். ஆனாலும் அத்தை அதை ஒருமுறை திருப்பிச் சொன்ன பிறகுதான் நான் பாலை அடுப்பில் வைப்பேன்.

அத்தை வீட்டில் இல்லாத நேரத்தில் மாமா கன்றுக்குட்டியிடம் பேசுவார். "மாத்திரய எங்க வச்சாங்கன்னு தெரில" என்று அதனிடம் வருத்தப்பட்டுக்கொள்வார். நான் மாத்திரையை எடுத்துவந்து கட்டில் ஓரம் வைத்துவிட்டுப் போவேன். கன்றுக்குட்டி எங்கள் குடும்பத்துக்கு நிறைய உழைத்திருக்கிறது.

என் கணவர் ஜெர்மனியில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்துப் போயிருந்தார். தசரா லீவில் மூன்று பேரும் வந்துவிட்டுப் போங்கள் என்று அழைத்தார். எனக்குப் பள்ளிக்கூடத்தில் வேலை, அந்த லீவை விட்டால் வேறு வழியில்லை. பாஸ்போர்ட், விசா எல்லாம் தயாரான பிறகு அத்தை வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். திருமலைக்குப் போகிற பஸ்ஸிலேயே, அலிபிரியைத் தாண்டி மலைப்பாதை தொடங்கியதும் முந்தானையால் முகத்தை மூடிக்கொள்கிறவர் அவர். "அம்மாம் ஒசரத்துக்கு நான் வரமாட்டேன். நீங்க ரெண்டு பேரும் போய்க்கினு வாங்க. நான் மாட்டப் பாத்துக்கினு இருக்கேன்" என்றார்.

மாமாவும் நானும் ஒரே நேரத்தில் அத்தையைப் பார்த்தோம். எங்கள் இருவர் முகத்திலும் ஒரே திகில்தான் இருந்திருக்கும்.

சென்னையில் விமானம் ஏறியதும் கன்றுக்குட்டியின் இடத்துக்கு, முன் சீட்டின் முதுகிலிருந்த டிவி வந்தது. "ஜன்னல் மூடிக்கினு கீது" என்று மாமா அதனிடம் சொன்னார். நான் எட்டி ஜன்னல் மறைப்பைத் தூக்கிவிட்டேன். பணிப்பெண் தள்ளுவண்டியோடு வந்தபோது, மாமா என்னைக் கையால் காட்டி, "ஆமெகு காபி", அவளுக்குக் காபி என்று தெலுங்கில் சொன்னார். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே அவருக்கே காபியைக் கொடுத்தாள். அவர் அதை எங்கள் இரண்டு சீட்டுக்கும் நடுவில் கைப்பிடி மேல் வைத்துவிட்டு வெளியே மேகத்தைப் பார்த்தார். நான் எடுத்துக் குடித்தேன்.

வளைகுடாவில் ஒரு பெரிய விமான நிலையத்தில் இறங்கி, வேறு டெர்மினலுக்குப் போய் அடுத்த விமானம் பிடிக்க வேண்டும். பகல் வேளை, நடுவில் நிறைய நேரம் இருந்தது. இறங்கியதும் ஒரு சோதனை. மாமாவுக்கு முன்னால் நின்ற ஆள் ஷூவைக் கழற்றினார். காவலர் மாமாவின் செருப்பையும் கைகாட்டினார். நான் அந்தப் பக்கம் பைகளையும் டப்பாக்களையும் பொறுக்கி எடுத்துக்கொண்டிருந்ததால் அவர் என்ன செய்தார் என்று கவனிக்கவில்லை. பிறகுதான் தெரிந்தது. அவர் செருப்பைத் தட்டில் வைக்கவில்லை. சுவரோரமாக ஜோடியாகக் கழற்றி வைத்துவிட்டு, கோயிலுக்குள் நுழைகிற மாதிரி வெறுங்காலோடு உள்ளே வந்துவிட்டார்.

வேட்டி தரையைத் தொட்டுக்கொண்டிருந்ததால் எனக்கும் தெரியவில்லை.

அந்த டெர்மினலை எப்படிச் சொல்வது? எங்கள் ஊர்த் தெரு முழுவதையும் ஆடுமாடு, மாந்தோப்போடு தூக்கி உள்ளே வைத்தாலும் ஒரு மூலைதான் நிறையும். தரை கண்ணாடி மாதிரி பளபளத்தது. நாம் நின்றால் தானே நகர்கிற பாதையில் சிலர் நின்றுகொண்டு போனார்கள், சிலர் அதன் மேலும் ஓடினார்கள். தங்க நகைக் கடையில், எங்கள் பக்கத்துப் புத்தூரில் முகூர்த்த நாளில் கூடுகிற மாதிரி கூட்டம். சுற்றிலும் கண்ணாடி போட்ட ஒரு பெட்டி அறையில் ஆண்கள் நெருக்கிக்கொண்டு சிகரெட் பிடித்தார்கள், புகைக்குள் முகங்கள் மிதந்தன. நடுக்கூடத்தில் நிஜமான மரங்களை வளர்த்து அதன் கீழ் தண்ணீரும் ஓட விட்டிருந்தார்கள். மாமா ஒரு மரத்தின் கிட்டே போய் இலையைக் கிள்ளிப் பார்த்தார். "நெஜம்தான்" என்று மரத்திடம் சொன்னார். கன்றுக்குட்டிக்கு இன்னொரு பதிலாள் கிடைத்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அடுத்த டெர்மினலுக்கு ஓட்டுநர் இல்லாத குட்டி ரயில் போகிறது. கதவு திறந்ததும் நான் பைகளோடு ஏறினேன். மாமாவும் ஏறினார். ஏறியவர் தன் காலைக் குனிந்து பார்த்தார். பிறகு கம்பியிடம் மெதுவாக, "செருப்ப உட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டார்.

நான் திரும்புவதற்குள் கதவு மூடிக்கொண்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மாமா நின்றார், இந்தப் பக்கம் நான். அவர் வாயைத் திறந்தார். என்னைக் கூப்பிடத்தான் திறந்தார் என்று நினைக்கிறேன். என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் மறுபடி மூடிக்கொண்டார். ரயில் கிளம்பிவிட்டது.

அவருடைய பாஸ்போர்ட், டிக்கெட், போன் எல்லாம் என் கைப்பையில் இருந்தன. பத்திரமாக இருக்கட்டும் என்று நான்தான் வாங்கி வைத்திருந்தேன்.

அந்தப் பக்கம் இறங்கிய பிறகு உடனே திரும்பவும் முடியவில்லை. திரும்பும் ரயிலுக்கு வேறு மாடி. ஏறி, இறங்கி, வாசனைத் திரவியக் கடைக்குள் வழிதவறி, ஒரு பெண் என் மணிக்கட்டில் எதையோ அடித்துவிட்டு முகர்ந்து பார்க்கச் சொல்ல, ஒருவழியாக ரயிலைப் பிடித்துத் திரும்பி வந்தபோது பிளாட்பாரத்தில் அவர் இல்லை.

வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, வயதானவர். ஒரு காவலரிடம் ஆங்கிலத்தில் அடையாளம் சொன்னேன். அவர் கையை வீசிக் கூடத்தைக் காட்டினார். அங்கே கழுத்திலிருந்து கால்வரை வெள்ளை அங்கி போட்ட ஆண்கள் நூற்றுக்கணக்கில் நடந்துகொண்டிருந்தார்கள். தூரத்தில் ஒருவரைப் பார்த்து ஓடி, கிட்டே போனால் தாடி வைத்த ஷேக். இன்னொருவர் பின்னால் ஓடினேன், அவர் மனைவி என்னை முறைத்தாள்.

கடைசியில் வேறு வழியில்லாமல் கூப்பிட்டேன். அது என் வாயிலிருந்து முதல்முதலாக உரக்க வந்த "மாமா". மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். மூவரும் நம் பக்கத்து ஆட்கள். அதில் ஒருவர், "யாரைங்க கூப்பிடுறீங்க?" என்று பக்கத்தில் வந்தார். "உங்களை இல்லைங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன்.

சிரிப்பாகச் சொல்கிறேனே தவிர, அந்த நேரத்தில் அவருடைய பாஸ்போர்ட் இருக்கிறதா என்று கைப்பையைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மனிதருக்குத் தமிழும் தெலுங்கும்தான் தெரியும். இங்கிலீஷில் எண்களும், டிராக்டர் பாகங்களின் பெயர்களும் தெரியும். ரத்த அழுத்த மாத்திரை என் பையில் இருக்கிறது. ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். அத்தைக்குப் போன் செய்து என்ன சொல்வது, உங்கள் வீட்டுக்காரரை ரயிலடியில் விட்டுவிட்டேன் என்றா?

அப்போது மேலேயிருந்து ஒலிபெருக்கி பேசியது. முதலில் அரபியில் ஏதோ, பிறகு ஆங்கிலத்தில். ஒரு பெண் குரல் இனிமையாக, சங்கீதம் மாதிரி இழுத்துச் சொன்னது: மிஸ் மருமாவா நகரி, மிஸ் மருமாவா நகரி, தயவுசெய்து தகவல் மையத்துக்கு வரவும்.

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. யாரோ ஜப்பான்காரி போலிருக்கிறது என்று நினைத்தேன். இரண்டாம் முறை சொன்னபோதுதான் உறைத்தது. நகரி மருமவள் நான்தான். பைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

தகவல் மையத்தில் உயரமான நாற்காலியில் மாமா உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு காகித டம்ளரில் தண்ணீர். வெறுங்கால்கள் தரையைத் தொடாமல் ஆடிக்கொண்டிருந்தன. மேஜைக்குப் பின்னால் இருந்த பெண் என்னைப் பார்த்து, "மிஸ் நகரி?" என்றாள். ஆமாம் என்றேன். பாஸ்போர்ட்டைக் கேட்டாள். கொடுத்தேன். கம்ப்யூட்டரைப் பார்த்தாள், பாஸ்போர்ட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு வருத்தமாக, நீங்கள் மிஸ் நகரி இல்லை, வேறு யாரோ என்றாள்.

நடந்தது இதுதான். இவள் மாமாவிடம் யாரைத் தேடுகிறீர்கள், பெயர் என்ன என்று கேட்டிருக்கிறாள். பெயர் என்ற வார்த்தை அவருக்கு இங்கிலீஷில் தெரியும். ஆனால் என் பெயரை அவர் வாழ்நாளில் சொன்னதில்லை, திடீரென்று ஒரு வெள்ளைக்காரப் பெண்ணிடம் எப்படிச் சொல்வார்? "மருமவ" என்றிருக்கிறார். முழுப் பெயர் கேட்டிருக்கிறாள். "நகரி" என்றிருக்கிறார்.

மருமகள் என்பது பெயர் இல்லை, உறவு என்று நான் அந்தப் பெண்ணுக்கு விளக்கினேன். அவள் நம்பத் தயாராக இருந்தாள், ஆனால் அவரும் சொல்ல வேண்டும் என்றாள். நியாயம்தான். என்னைத் தெரியுமா என்று அவரிடம் கேட்கும்படி எனக்கே சைகை காட்டினாள்.

நடுவில் அத்தை இல்லை, கன்றுக்குட்டி இல்லை.

"மாமா, இவங்ககிட்ட சொல்லுங்க" என்றேன்.

மாமா டம்ளரை மேஜை மேல் வைத்தார். நேராக என் முகத்தைப் பார்த்தார்.

"இன்னாமா, இம்மா நேரம் எங்க போய்க்கினு இருந்த? நான் பயந்துட்டேன்" என்றார்.

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன், அழுகை வந்துவிட்டது. அந்தப் பெண் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, வேறு சாட்சி தேவையில்லை என்று பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்தாள்.

பிறகு ஒரு காவலர் வந்து ஒரு ஒளிபுகும் பிளாஸ்டிக் பையை மேஜை மேல் வைத்தார். உள்ளே மாமாவின் செருப்புகள். சுவரோரம் உரியவர் இல்லாமல் கிடந்ததால் சோதனை போட்டு, அடையாளச் சீட்டு ஒன்றைக் கட்டி எடுத்துவந்திருந்தார்கள். மாமா அதை வாங்கி, சீட்டைக் கூட அவிழ்க்காமல் காலில் மாட்டிக்கொண்டார். ஜெர்மனி போய்ச் சேரும்வரை வலது செருப்பில் அந்தச் சீட்டு ஆடிக்கொண்டே வந்தது.

இந்த முறை ரயிலில் என் பையின் வாரை ஒரு கையால் பிடித்துக்கொண்டார். பேச ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. அத்தனை வருஷமாக எங்கே வைத்திருந்தாரோ தெரியவில்லை.

"இதுவும் திருமலயில தரிசனத்துக்கு முன்னாடி நம்மள அடச்சி வைக்கிற கம்பார்ட்மெண்ட்டு மாறி தான் கீது. இங்க இருந்து அங்க, அங்க இருந்து இன்னொண்ணுக்கு. ஆனா அங்கன்னா பாலாவது குடுப்பாங்க."

"இங்க காசு குடுத்தா காபி கிடைக்கும் மாமா."

"அந்தப் பொகப் பொட்டியப் பாத்தியா? உள்ள போனவன் பீடி பத்த வைக்கவே வேணாம், சும்மா மூச்சு வுட்டா போதும்."

நான் சிரித்தேன். அவர் எதிரில் நான் சத்தமாகச் சிரித்ததும் அதுதான் முதல் தடவை. கேட்டுக்கு எதிரில் அடுத்தடுத்த நாற்காலியில் உட்கார்ந்து அத்தை கட்டிக்கொடுத்த புளிசாதத்தை ஒரே டப்பாவிலிருந்து சாப்பிட்டோம். "நீ துன்னு முதல்ல" என்று டப்பாவை என் பக்கம் தள்ளினார். எதிரில் இருந்த வெள்ளைக்காரர் வாசனைக்கு ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்.

ஜெர்மனியில் என் கணவர் வெளியே காத்திருந்தார். மாமா வண்டியைத் தள்ளிக்கொண்டே, "அந்தச் சின்னப் பைய நீ எடுத்துக்க, மீதிய நான் தள்றேன்" என்றார். என் கணவர் எனக்குப் பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தார்.

இப்போது நிலைமை என்னவென்றால், மாமா என்னிடம் மட்டும்தான் பேசுகிறார். சாம்பாரில் உப்பு, ஊர்ப் பஞ்சாயத்து, மாங்காய்க்கு மருந்து அடிக்கிறவன் செய்த தப்பு, எல்லாம் என்னிடம்தான். பள்ளிக்கூடத்தில் நான் ஆசிரியர் அறையில் டிபன் டப்பாவைத் திறக்கும்போது சரியாகப் போன் அடிக்கும். "டிவி ரிமோட்டு எங்கமா?" என்பார். அத்தை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பது எனக்குக் கேட்கும். "இங்க தான் கீது, என்னக் கேட்டா இன்னா" என்று அவர் முணுமுணுப்பார். மாமா அதைக் காதில் வாங்காமல் என் பதிலுக்காகக் காத்திருப்பார்.