நிற்காத சுவர்

ஓய்வு பெற்ற அடுத்த மாதமே எனக்கு இன்னொரு முதல் நாள் வாய்த்தது. அதுவரை காஞ்சன்பாக்கில் ஒரு பாதுகாப்பு ஆய்வகத்தில், ஷீல்டிங் செக்ஷனில் இருந்தேன். காமா கதிர் வெளியே வராமல் தடுக்க ஈயமும் கான்கிரீட்டும் எத்தனை தடிமன் வேண்டும் என்று கணக்குப் போடுவதுதான் சர்வீஸ் முழுக்க என் வேலை. அதற்கான கம்ப்யூட்டர் புரோகிராமையே வைத்து சூப்பர்நோவாவுக்குக் கணக்குப் போட முடியுமா என்று பல்கலைக்கழகத்திலிருந்து வசந்தா கேட்டார். வசந்தா திருமுல்கேரியில் உள்ளூர் உருதுவோடு வளர்ந்த தமிழ்ப் பெண், வானியல் பேராசிரியர். என்னைவிட ரொம்பச் சின்னவர். ஆனால் இனி அவர்தான் பாஸ்.

பக்கத்து கேலக்ஸி ஒன்றில் ஒரு நட்சத்திரம் வெடித்திருந்தது. சிதறிய குப்பைக்குள் கதிரியக்க நிக்கல் இருக்கும். அது கோபால்ட்டாகும், கோபால்ட் இரும்பாகும், இரண்டு தடவையும் காமா கிளம்பும். அது குப்பையைத் தாண்டி எப்போது வெளியே வரும் என்று சொன்னால்தான் விண்வெளித் தொலைநோக்கியில் நேரம் கேட்க முடியும். விண்ணப்பத்துக்கு வெள்ளிக்கிழமை கடைசி. அதை விட்டால் போச்சு, கோபால்ட் யாருக்காகவும் காத்திருக்காது.

புதன்கிழமை ரிசல்ட்டோடு போனேன். முதல் வாரம், முதல் மாதம், ஆறாம் மாதம், எல்லாமே பூஜ்யம். ஒரு ஃபோட்டான், ஒற்றைக் காமாத் துகள்கூடத் தப்பவில்லை. எங்கள் செக்ஷனில் இப்படி ரிசல்ட் வந்தால் எல்லாருக்கும் சமோசா வரும். அந்தப் பெருமையில் சிரித்துக்கொண்டே பிரிண்டை நீட்டினேன்.

வசந்தாவின் முகம் வாடிவிட்டது. "ஒண்ணுமே வராதுன்னா டெலஸ்கோப்பே நக்கோ, கிடையாதுன்னு சொல்லிடுவாங்க, மேடம்."

பிறகு என் இன்புட்டை வரிவரியாகப் பார்த்தார். ஓரிடத்தில் விரல் நின்றது. "அடர்த்திக்கு ஒரே ஒரு நம்பர் குடுத்திருக்கீங்க. உங்க சுவர் அப்படியே நிக்குது மேடம். வெடிச்சது நிக்குமா?"

வெட்கத்தோடு சிரிப்பும் வந்தது. என் சர்வீஸில் நான் கணக்குப் போட்ட எந்தச் சுவரும் ஒரு அங்குலம் நகர்ந்ததில்லை. இதுவோ நொடிக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடுகிற சுவர். விரிய விரிய அடர்த்தி குறைந்துகொண்டே போகும்.

அடர்த்தி நாளுக்கு நாள் குறைகிற மாதிரி மாற்றி எழுதி ஓட்டினோம். முதலில் ஒன்றுமில்லை. பிறகு நாலைந்து ஃபோட்டான். மூன்றாம் மாதம் நெருங்கும்போது கொட்டியது. பழக்கதோஷத்தில் "ஐயோ, லீக்" என்றேன்.

வசந்தா விழுந்து விழுந்து சிரித்தார். "ஹவ் மேடம், ஆமா, அதுதான் வேணும்."

வெள்ளிக்கிழமை மத்தியானம் விண்ணப்பம் போயிற்று, சில நாளில் நேரமும் கிடைத்தது. அதற்குப் பிறகு எனக்குத்தான் நிம்மதியில்லை. காமா வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டே சம்பளம் வாங்கியவள், வந்துவிட வேண்டுமே என்று தவித்தேன்.

புது வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். பழைய இடத்தில் எதற்குக் கைதட்டினார்களோ, அதையே இங்கேயும் செய்துவிட்டுக் காத்திருக்காதீர்கள். இங்கே எதற்குக் கைதட்டுவார்கள் என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

எங்கள் கணக்கு சொன்ன மாதத்தில், ஒரு காலையில், கொண்டாப்பூர் வீட்டில் போன் அடித்தது. வசந்தாதான். "மேடம், லீக் ஆகுது."

சர்வீஸ் முழுக்க நான் பயந்துகொண்டிருந்த போன் அது. அன்றைக்கு அபார்ட்மென்ட் முழுக்க லட்டு கொடுத்தேன்.