பொன்னாடைக்கு ஆள் தேடுகிறார்கள்

மகனே, மகளே, உங்கள் இரண்டு பேருக்கும் இதை எழுதி வைக்கிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். நடந்ததை மட்டும் திருத்த வேண்டாம்.

போடியிலிருந்து காலையில் ஜீப்பில் கேரளத்து மலைக்கு ஏறி, சாயங்காலம் இறங்குகிற பிழைப்பு என்னுடையது. இருபத்தேழு வருஷமாக ஒரே ஏலக்காய்த் தோட்டம், மருந்தடிப்பு வேலை. கீழே மோட்டார் ஓடும். சரிவில் நாலைந்து பேர் மருந்து வருகிற ஓஸ் குழாயை இழுத்துக்கொண்டு வருவார்கள். ஒருவர் அதன் முனையைப் பிடித்துச் செடியின் தூரில் அடிப்பார். ரொம்ப காலம் ஓஸ் இழுத்தேன். கடைசி நாலு வருஷமாக முனை என் கையில் இருக்கிறது.

எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம். ஆயுத பூஜையன்று காய் உலர்த்தும் கட்டடத்தில் எல்லாரும் கூடுவோம். மோட்டாருக்கும் அரிவாளுக்கும் சந்தனம் வைத்து, பொரிகடலை கொடுத்தபிறகு, ஆட்களில் வயதான ஒருவருக்கு முதலாளி பொன்னாடை போர்த்துவார். கைதட்டுவோம், செல்லில் போட்டோ எடுப்போம். இத்தனை வருஷம் அதைப் பார்த்தும் எனக்கு ஒன்று உறைக்கவில்லை. பொன்னாடை வாங்கியவர் யாரும் மறுவாரம் ஜீப்பில் ஏறியதில்லை.

இந்த வருஷம் பூஜைக்கு ஒரு மாதம் இருக்கும்போது, ஆட்களைக் கூட்டிப்போகும் கங்காணி ஒரு காலையில் என்னைத் தடுத்தார்.

"அண்ணே, முன்னாடி உக்காருங்க."

"பின்னாடிதான் எடம் இருக்குல்லப்பா."

"மூத்த ஆளு நீங்க. பின்னாடி குலுங்கிக்கிட்டு வரலாமா?"

பின்னால் இருந்த காயெடுக்கும் பெண்களில் ஒருத்தி, "மாமாவுக்குப் புரமோசனு போல. எங்களையும் கவனிச்சுக்கங்க மாமா" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருபத்தேழு வருஷத்தில் வராத மரியாதை இன்றைக்கு ஏன் வருகிறது?

தோட்டத்துக்குப் போனதும் முனையை வேறு ஆளிடம் கொடுத்தார்கள். "நீங்க நெழல்ல உக்காந்து மருந்தக் கலக்குங்கண்ணே. கஷ்டப்பட்டது மதி" என்றார் கங்காணி. மலையாளத்தில் மதி என்றால் போதும். கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து பகல் முழுக்கக் கம்பால் டிரம்மைக் கிண்டிக்கொண்டிருந்தேன்.

அந்த வாரம் மகளே, உனக்குக் கல்லூரியில் பரீட்சை. படித்ததை ஒப்பிக்கிறேன், கேளுங்கள் என்று புத்தகத்தை என் கையில் கொடுத்தாய். வயதானவர்கள் சமூகத்தில் ஏன் கீழே போகிறார்கள் என்கிற பாடம்.

"வயசாக ஆக மனுசன் தானாவே ஒதுங்குறான். சமுதாயமும் அவன விட்டுருது. ரெண்டு பேருக்கும் அது வசதி. இது மொதக் கொள்கைப்பா."

"ஒதுங்குன ஆளக் கேட்டாங்களாமா?"

"அதெல்லாம் பரீட்சைக்கு வராதுப்பா."

அடுத்த கொள்கை, ஏதாவது ஒரு வேலையில் இருந்துகொண்டே இருந்தால் வயதானவருக்கு மனசு நன்றாக இருக்கும் என்றது. அதை எழுதியவரை என் வாளிமேல் ஒரு நாள் உட்காரவைக்க வேண்டும் என்று நினைத்தேன். இன்னொன்று, நிலமும் வேலையும் யார் கையில் இருக்கிறதோ அவர்கள் வயதைக் காரணம் காட்டி மற்றவர்களைத் தள்ளுகிறார்கள், வயதானவரை மட்டுமல்ல, சின்ன வயதுக்காரரையும் என்றது. அது எனக்குப் பிடித்தது. பிடித்ததனாலேயே சந்தேகமும் வந்தது. எனக்குச் சாதகமாக இருப்பதால்தான் சரி என்று தோன்றுகிறதோ?

கடைசியாக ஒன்று சொன்னாய். நாலு பேர் ஓர் ஆளை எப்படிக் கூப்பிடுகிறார்களோ, அந்த ஆள் அப்படியே ஆகிவிடுவான் என்று. மறுநாள் காதைத் தீட்டிக்கொண்டு போனேன். அதுவரை அண்ணே என்று கூப்பிட்ட ஜீப் டிரைவர் பெருசு என்றார். டீக்கடையில் நான் ஒன்றும் சொல்லாமலே சர்க்கரை போடாத டீ வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி ராசிங்காபுரம் போனேன். நாலு வருஷத்துக்கு முன்னால் பொன்னாடை வாங்கியவர் அங்கேதான் இருக்கிறார். எனக்கு முன்னால் முனை பிடித்தவர் அவர். தானாக ஒதுங்கினாரா என்று கேட்டுவிட்டால் முதல் கொள்கை சரியா தப்பா என்று தெரிந்துபோகும். அவர் வீட்டில் இல்லை. வேறொருவர் காட்டில் கூலிக்கு மக்காச்சோளம் ஒடித்துக்கொண்டிருந்தார்.

"நீங்களா நின்னீங்களாண்ணே, இல்ல நிறுத்துனாங்களா?"

"பொன்னாடையப் போத்தி, மால போட்டு, போட்டோவும் எடுத்தப்பறம் நாளைக்கு வர்றேன்னு சொல்ல முடியுமாப்பா? வெக்கமா இருக்காது?" என்றார். கதிரைச் சாக்கில் போட்டுக்கொண்டே, "நீதான மொதக் கை தட்டுன" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

நான் கைதட்டியது மட்டும் இல்லை. பூஜைக்கு முந்தின வாரம், "ஏண்ணே இன்னும் கெடந்து கஷ்டப்படுறீங்க" என்று அவரிடம் கேட்டவனும் நான்தான். அக்கறையில் கேட்டதாகத்தான் இவ்வளவு நாள் நினைத்திருந்தேன். பஸ்சில் திரும்பும்போது அப்படி நினைக்க முடியவில்லை. அவர் போனதும் முனை என் கைக்கு வந்துவிட்டதே.

மறுநாள் கங்காணியிடம் நேராகவே கேட்டேன். "என்னைய நிறுத்தச் சொன்னது யாரு? மொதலாளியா?"

அவர் தயங்கினார். "ஒங்க மகன்தாண்ணே போன் போட்டாரு. அப்பாவுக்கு முடியல, மரியாதையா நிறுத்தி விட்டுருங்கன்னாரு. நானா ஏதும் செய்யல."

மகனே, நீ மதுரையிலிருந்து போன் பண்ணியது அப்படித்தான் எனக்குத் தெரிந்தது. வீட்டுக்கு வந்து உன் தங்கையிடம் கேட்டேன். அவளுக்கும் தெரிந்திருந்தது.

"மூச்சு வாங்குதுப்பா ஒங்களுக்கு. அண்ணன் பயப்படுது."

"அந்தப் பயத்த எங்கிட்டச் சொல்லலாமுல்ல?"

"சொன்னாக் கேப்பீங்களா?"

கேட்டிருக்க மாட்டேன் என்பது எனக்கும் தெரியும். ஆனால் முதலாளி, கங்காணி, மகன், மகள் எல்லாரும் பேசி முடித்த பிறகு கடைசியாகத் தெரிந்துகொண்டவன் நான். அதற்குப் பெயர் தானாக ஒதுங்குவதா? இரண்டு மூன்று நாள் உங்கள் பாசத்தையே சந்தேகப்பட்டேன். அது எனக்குப் பெருமை இல்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

பூஜை வந்தது. பொரிகடலை கொடுத்து முடித்ததும் கங்காணி என் பெயரைச் சொன்னார். முதலாளி பொன்னாடையைப் பிரித்தார். எழுபதைத் தாண்டியவர், கையில் தடி உண்டு, தோட்டத்தில் ஒரு செடி நட வேண்டுமென்றாலும் அவர்தான் சொல்ல வேண்டும். அவரை யாரும் பெருசு என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

"மொதலாளி, எனக்கு அம்பத்தெட்டு. மொறையாப் பாத்தா ஒங்களுக்குத்தான போத்தணும்?"

பின்னால் ஒருத்தி களுக்கென்று சிரித்து வாயை மூடிக்கொண்டாள். முதலாளியும் சிரித்தார். "எனக்குப் போத்திட்டா தோட்டத்த யாருப்பா பாக்குறது?"

"அதத்தான் மொதலாளி நானும் கேக்குறேன். முனைய யாரு பாக்குறது?"

முதலாளி கையிலிருந்த பொன்னாடையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு அவர், "சரி, இந்த வருசம் மோட்டாருக்குப் போத்துங்கப்பா. அதுதான் இங்க எல்லாத்துக்கும் மூத்தது" என்றார். கங்காணி போர்த்தினார். பழக்க தோஷத்தில் இரண்டு பேர் கைகூடத் தட்டினார்கள்.

திங்கட்கிழமை ஜீப் நிற்கும் இடத்துக்குப் போனேன். ஏற்றுவார்களா என்று தெரியாது. கங்காணி என் முகத்தைப் பார்க்காமல், "வெரசா ஏறுங்கண்ணே" என்றார். பின்னால் ஏறினேன். முனையும் கைக்கு வந்தது. ஆனால் அன்று முழுக்க அவர் எனக்குப் பத்தடி பின்னாலேயே நடந்தார். நான் மூச்சு வாங்க நிற்கும்போதெல்லாம் செல்லை எடுத்துப் பார்த்தார். அவருக்கு அப்படி யார் போன் செய்கிறார்கள்? அவர்மேல் எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை.

அன்று சாயங்காலம் மகனே, நீ முதல்முறையாகப் போனில் என்னிடமே கேட்டாய். "இன்னைக்குச் சரிவுல எத்தன தடவப்பா நின்னீங்க?"

"ரெண்டு" என்றேன்.

ஐந்து தடவை நின்றேன். ஐந்தாவது தடவை கொஞ்சம் உட்கார்ந்தேன்.