அம்மா கண்டதும் கேட்டதும்

"கூடத்துல யாரு இத்தினி பேரு?" என்று அம்மா கேட்டபோது நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். வீட்டில் நாங்கள் இருவர் மட்டும்தான்.

"யாரும் இல்லம்மா."

"கீறாங்களே. வெள்ளத் துணி கட்டிகினு, வரிசையா. கொழந்தைங்க மேரி குள்ளமா. ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்றாங்க."

அம்மாவுக்கு அப்போது எழுபது நெருங்கிக்கொண்டிருந்தது. இரண்டு வருடங்களாகவே இரு கண்களிலும் நடுப்பார்வை மங்கிவிட்டது. என் முகம் அவளுக்கு ஒரு சாம்பல் திட்டு. ஆனால் அந்த ஆட்களின் துணியோரத்தில் இருந்த பூவேலையைக்கூட எண்ணிச் சொன்னாள். அதுதான் என்னைப் பயமுறுத்தியது. பெற்ற மகள் தெரியவில்லை, இல்லாதவர்கள் தெரிகிறார்கள்.

நாங்கள் இருப்பது திருக்கழுக்குன்றத்தை ஒட்டிய ஒரு கிராமம். அம்மா நடவு நட்டும் களையெடுத்தும், பிறகு பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்தும் என்னைப் படிக்கவைத்தாள். நான் செங்கல்பட்டில் ஒரு ஸ்கேன் சென்டரில் டெக்னீஷியன். எங்கள் தெருமுனையில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட சின்ன கிறிஸ்தவ சபை இருக்கிறது, நாங்கள் போவது அங்கேதான். அம்மா சொன்னது இரண்டே நாளில் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது.

பாஸ்டர் என்னைவிட இளையவர், நல்ல மனிதர். வீட்டுக்கு வந்து அம்மாவின் தலையில் கை வைத்து ஜெபித்தார். "அம்மா, இது தரிசனம். கர்த்தர் தேவதூதர்களை உங்களுக்குக் காட்டுறார். அறுப்பின் பண்டிகையன்னைக்கு நீங்க சாட்சி சொல்லணும்" என்றார். அதன்பிறகு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். மகளுக்கு வரன் அமையுமா என்று ஒருத்தி. திருப்போரூர் பக்கம் பிளாட் வாங்கலாமா என்று ஒருவர்.

"அவங்கள கேட்டுச் சொல்லும்மா," என்றார் பிளாட் கேட்டு வந்தவர்.

"அவங்க பேச மாட்றாங்க நைனா. சும்மா நின்னுகினு கீறாங்க," என்றாள் அம்மா.

அம்மாவின் சாட்சி அந்தச் சபைக்குப் புதிதல்ல. கர்த்தர் தன்னைக் காப்பாற்றிய கதையை வருடத்துக்கு ஒரு தடவையாவது எழுந்து நின்று சொல்வாள். அப்பா மஞ்சள்காமாலையில் இறந்தபோது எனக்கு எட்டு வயது. சோற்றுக்கு வழியில்லாமல் அம்மா என்னை மாமல்லபுரத்துக்கு வடக்கே, சவுக்குத்தோப்பு தாண்டிக் கடற்கரைக்கு அழைத்துப் போனாள். பிள்ளையைக் கரையில் உட்காரவைத்துவிட்டுத் தான் மட்டும் கடலில் இறங்கினாள். அப்போது "திரும்பிப் போ மகளே" என்று ஒரு குரல் கேட்டது. திரும்பி வந்தாள், கர்த்தரை ஏற்றுக்கொண்டாள். எங்கள் வீடு நிற்பது அந்தக் குரலின்மேல்தான்.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவளைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் சிரிக்கவில்லை, ஆச்சரியப்படவும் இல்லை. பார்வை போனவர்களில் சிலருக்கு இப்படி ஆகும் என்றார். "கண்ணு அனுப்பாத இடத்தை மூளை தானா வரைஞ்சு நிரப்புது. புத்தியில ஒரு கோளாறும் இல்ல. பார்க்கப்போனா நாம எல்லாருமே மூளை வரைஞ்சு தர்றதைத்தான் பார்க்கிறோம். இவங்களுக்கு அது கொஞ்சம் கூடுதலா வரையுது. நாளாக ஆகக் குறையும்."

திரும்பி வரும் பஸ்ஸில், பாதி வழியில் அம்மா திடீரென்று கேட்டாள்: "அப்போ கடல்ல கேட்டுச்சே கொரலு? அதுவும் இப்டித்தானா?"

"அது வேற, இது வேற," என்றேன்.

"இன்னா வேற?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அன்றிலிருந்து எனக்கு எதிலும் மனம் நிற்கவில்லை. சென்டரில் திரையில் வரும் படங்களைப் பார்த்தால்கூட அதே நினைப்பு. உடம்புக்குள் யாரும் கேமரா வைத்துப் படம் எடுப்பதில்லை. உடம்பைச் சுற்றி வரும் கதிர்கள் தரும் எண்களைக் கணக்குப் போட்டு இயந்திரம் ஒரு படத்தைக் கட்டித் தருகிறது. சில நேரம் உடம்பில் இல்லாத கோடுகளையும் காட்டும், பல்லில் அடைத்த உலோகம் இருந்தால் போதும். இருப்பதா, இயந்திரம் உண்டாக்கியதா என்று சந்தேகம் வந்தால் கோணத்தை மாற்றி இன்னொரு முறை எடுப்போம். பார்ப்பதெல்லாம் மூளை வரைவது என்றால், கடவுளை நம்புவது ஒருபுறம் இருக்கட்டும், எதிரில் இருக்கும் சுவரை எதைக்கொண்டு நம்புவது? நடக்கும்போதே சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். தொடுகிறேன் என்று சொல்வதும் அதே மூளைதானே என்று தோன்றியதும் கையை எடுத்துவிட்டேன். ஜெபத்தில் கண்ணை மூடினால் யாரிடம் பேசுகிறேன் என்ற கேள்வி முதலில் வந்து உட்கார்ந்துகொண்டது.

அம்மா கேட்ட குரலுக்கும் இன்னொரு கோணம் இருந்தது. அன்றைக்கு அங்கே நானும் இருந்தேன். எனக்கு நினைவிருப்பது கரை இல்லை. வாயெல்லாம் உப்பு, மணிக்கட்டில் அம்மாவின் பிடி, "வூட்டுக்குப் போலாம்மா" என்று நான் அலறியது. முப்பத்து மூன்று வருடங்களாக இதை யாரிடமும் சொன்னதில்லை. கனவாக இருக்கலாம் என்று விட்டுவிட்டேன். அந்தக் குரலே நான்தானோ என்று தோன்றும்போதெல்லாம் எழுந்து ஏதாவது வேலை பார்க்கப் போய்விடுவேன்.

பண்டிகையன்று காலை, அம்மாவுக்குத் தலை வாரிவிடும்போது சொல்லிவிட்டேன்.

"ம்மா, அன்னிக்கு நான் கரையில இல்ல. தண்ணியிலதான் இருந்தேன். நான்தான் கத்தினேன்."

"உன்னை நான் எறக்கல," என்றாள் உடனே.

"தண்ணி என் கழுத்து வரைக்கும் இருந்துச்சும்மா."

அவள் தோள்கள் இறுகின. நான் சீப்பைப் பிடித்தபடி நின்றேன். வெளியே சபையில் மைக்கைத் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது.

"எறக்கினேன்," என்றாள். "உன்னை வுட்டுட்டுப் போனா யாருடி சோறு போடுவாங்க? அதான் இஸ்துகினு போனேன். அப்பால சபையில அத எப்டிச் சொல்றது? மாத்திச் சொன்னேன். சொல்லிச் சொல்லி எனக்கே அது நெசமாப் பூட்ச்சு."

"அப்போ கொரலு?"

"நீ கத்தினது எனக்குக் கேட்டுது. அதுக்கு முன்னாடியே அது கேட்டுது."

"நெசமாவா?"

"முன்னாடிதான்," என்றாள். எழுந்து, சுவரைத் தடவிக்கொண்டே வாசலுக்குப் போனாள். எனக்குக் கோபம் வந்ததா, அழுகை வந்ததா என்று இப்போதும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன்.

சபையில், அறுவடைக் காணிக்கையாக வந்த வாழைத்தாரும் பூசணியும் நெல்மூட்டையும் பீடத்துக்கு முன்னால் குவிந்திருந்தன. பாஸ்டர் அம்மாவை அழைத்தார். அம்மா மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"எல்லாருக்கும் ஸ்தோத்திரம். வெள்ளத் துணியில எங்கிட்ட வர்றவங்க தூதரு இல்ல. என் கண்ணு கெட்டுப்போச்சு, அதான் அப்டித் தெரியுதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு. இனிமே யாரும் வந்து எதையும் கேக்காதீங்க." கொஞ்சம் நிறுத்தினாள். "இன்னொண்ணு. இத்தினி வருசமா உங்களுக்கு ஒரு பொய் சொல்லிகினு இருந்தேன். என் புள்ளைய நான் கரையில உக்கார வெக்கல. கையப் புடிச்சு கடலுக்குள்ள இஸ்துகினு போனேன். அதுக்கு மட்டும் எனக்காக ஜெபம் பண்ணுங்க. கொரலு பொய்யில்ல."

ஒருவரும் அல்லேலூயா சொல்லவில்லை. பாஸ்டர் முகம் வெளுத்துப்போய் அவசரமாக ஒரு பாட்டைத் தொடங்கினார். பாதிப் பேர்தான் சேர்ந்து பாடினார்கள். வெளியே வரும்போது, மகளுக்கு வரன் கேட்டு வந்த பெண் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு விடாமல் அழுதாள்.

அந்த வாரத்தோடு வீட்டுக்கு ஆட்கள் வருவது நின்றது. அம்மாவின் வெள்ளைத்துணிக்காரர்கள் மட்டும் அடுத்த மழைக்காலம் வரை வந்தார்கள். கடைசியில் ஒருநாள், "இன்னிக்கு ஒருத்தரும் காணோம்," என்றாள், பஸ் வரவில்லை என்பதுபோல.

எனக்குத்தான் இன்னும் அமைதி வரவில்லை. பொய் சொன்னதை ஒப்புக்கொண்டவள் குரலை மட்டும் ஏன் விட்டுக்கொடுக்கவில்லை? ஒப்புக்கொண்டவள் என்பதாலேயே அதை நம்பலாமா? எது முதலில், எது பிறகு என்று அம்மாவை மறுபடி நான் கேட்கவில்லை. சபைக்குப் போகிறேன், முழங்கால் போடுகிறேன். முன்பெல்லாம் மனப்பாடமாக வந்த ஜெபம் இப்போது வருவதில்லை. நீர் இருக்கிறீரா என்று கேட்டுத்தான் தொடங்குகிறேன். சில ஞாயிற்றுக்கிழமைகளில் அதைத் தாண்டிப் போகவே முடிவதில்லை.