காய் பிடிக்காத ஊதாக் கிழங்கு

உருளைக்கிழங்கு ஆராய்ச்சிப் பண்ணையின் கண்ணாடிக் கூடத்தில் இருபத்தேழு வருஷம் தண்ணீர் ஊற்றியவர், கலப்புக்கு மகரந்தமும் தொட்டு வைத்தவர் அவர். படிப்பு நாலாம் வகுப்போடு சரி. ஆனால் அங்கிருந்த நூற்றுப்பத்து காட்டுக் கிழங்குச் செடிகளையும் இலையைத் தடவியே இன்னது என்று சொல்லிவிடுவார். பட்டம் வாங்கியவர்கள் பெயர் அட்டையைத் தேடிக்கொண்டிருப்பார்கள். இவர் அடுத்த தொட்டிக்குப் போயிருப்பார். 'தொட்டிக்காரர்' என்றால் பண்ணையில் தெரியாத ஆள் கிடையாது.

ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருஷம், காட்டுச் செடிகளுக்கு நடுவே நின்ற சமையல் உருளைச் செடி ஒன்றில் தக்காளிப் பிஞ்சு போல ஒரு காய் பழுத்து விழுந்தது. குப்பைக்குப் போகவிருந்ததைக் கேட்டு வாங்கி வந்து, விதையை மொட்டைமாடித் தொட்டிகளில் போட்டார். கிழங்கை நட்டால் தாயை உரித்து வைத்தது போல வரும். விதையைப் போட்டால் ஒன்றைப் போல் ஒன்று இருக்காது. நாற்பது நாற்றில் பாதி கசந்தது, மீதி கோலிக்குண்டுக்கு மேல் வளரவில்லை. ஒன்று மட்டும் ஊதாத் தோலும் மஞ்சள் சதையுமாக, வெண்ணெயாய் வெந்தது.

மனைவி ஒரு வாய் தின்று பார்த்தாள். "பரவாயில்லையே. குப்பையில பொறுக்கினாலும் நல்லதாத்தான் பொறுக்குறீங்க."

"உன்னைப் பொறுக்குனவன்தானே."

"என்னை எந்தக் குப்பையிலயாம்?" என்றாள். அடுத்த வருஷம் அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

அந்தக் கிழங்குச் செடியில் விதை எடுத்துவிட வேண்டும், புது வகைகளுக்கு அதைத் தாயாக்க வேண்டும் என்பது ஒன்றே பிறகு அவருக்கு மிச்சம். ஒன்பது வருஷம், பூக்கும் மாதங்களில் விடிந்ததும் தூரிகையால் மகரந்தம் தொட்டு வைப்பார். மூன்றாம் நாள் பூ உதிர்ந்துவிடும். பண்ணையில் ஆயிரக்கணக்கில் காய் பிடிக்க வைத்த கை அது. அவள் போனதோடு கைராசியும் போய்விட்டது என்று முடிவு கட்டி, யாரிடமும் மூச்சு விடவில்லை. வெளியூர் மகள் போனில், "சாப்பிட்டீங்களாப்பா?" என்பாள். "ஆச்சும்மா" என்பார். அதோடு அந்த வாரப் பேச்சு முடியும்.

இந்த வருஷம் வீம்பை விழுங்கிவிட்டு, தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் பண்ணைக்குப் போனார். புதிதாக வந்திருந்த ஆய்வாளர் பெண் வேர் நுனியைக் கிள்ளி வைத்துக்கொண்டு, மறுவாரம் வரச் சொன்னாள். போனதும் நுண்ணோக்கியைக் காட்டினாள்.

"எண்ணிப் பாருங்கய்யா."

கண் இடுங்கப் பார்த்து எண்ணினார். "முப்பத்தாறு புள்ளி."

"அதுதான் குரோமோசோம். காட்டுச் செடிக்கு ரெண்டு தொகுதி, இருபத்துநாலு. சமையல் கிழங்குக்கு நாலு, நாப்பத்தெட்டு. உங்களோடது ரெண்டுக்கும் பொறந்தது, பாதி பாதி சேர்ந்து மூணு தொகுதி. விதை பிடிக்கணும்னா எல்லாம் ஜோடி சேரணும். இதுல ஒரு தொகுதி எப்பவும் தனியா நின்னுடும்."

"அப்போ என் கையில கோளாறு இல்லியா?"

"யார் தொட்டாலும் காய்க்காதுய்யா."

அவர் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். ஒன்பது வருஷம் அதைத் திட்டியிருந்தார்.

"கலப்புக்கு ஆகாதுன்னா இது எதுக்கும்மா?"

"அப்படிச் சொல்லாதீங்க. ஏழெட்டாயிரம் வருஷம் முன்னாடி, கடலுக்கு அந்தப் பக்க மலையில, கசக்கிற காட்டுக் கிழங்குலேருந்து கசப்பு கம்மியானதாப் பொறுக்கித்தான் ஜனங்க உருளையை உண்டாக்கினாங்க. அங்கேயும் இதே மாதிரி மூணு தொகுதிக் கிழங்கு இன்னிக்கும் இருக்கு. வருஷா வருஷம் யாராவது முளைக்கண்ணு பார்த்துக் கிழங்கையே நட்டுட்டு வர்றாங்க, அவ்வளவுதான்."

"எனக்கப்புறம் யார் நடுவா?"

அவள் ஒரு அட்டையை எடுத்தாள். "ரெண்டு கிழங்கு குடுங்க. இங்க வெச்சுக்கிறோம்."

தொட்டி மண்ணைக் கிளறி ரெண்டை எடுத்துக் கொடுத்தார். "தண்ணி ஜாஸ்தி ஊத்திடாதீங்க, உங்க ஆளுங்களுக்குக் கை நிக்காது" என்று சொல்லிவிட்டுத் தொட்டியோடு திரும்பினார்.

மறுநாள் விடிந்ததும் பழக்க தோஷத்தில் தூரிகையோடு மாடிக்கு வந்துவிட்டார். அதற்கு இனி வேலை இல்லை. வெயில் ஏறும்வரை அவருக்கும் இல்லை. இருந்தாலும் வந்தது வந்தாயிற்று என்று, மலர்ந்திருந்த ஐந்து பூவையும் ஒவ்வொன்றாகத் தொட்டுவிட்டுக் கீழே இறங்கினார்.